அடைத்த கதவும் அழைக்குங் குரலும்

மெய்யன்பர்காள்! இல்லின்கண் இருப்பார் ஒருவர், முன்னர் அறிவியாது வந்து தம் கதவைத் தட்டுவார்க்கு வாயில் திறத்தல் வேண்டுமோ வேண்டாவோ என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். பதி பசு பாசம் என்னும் முப்பொருளியல்பை ஆராயும் இப்பக்கங்களில் இத்துணைச் சிறிய வினாவிற்கு இடமுண்டோ எனச் சிலர் ஐயுறலாம். சிறிய வினாவே, ஆயினும் நாடோறும் எழுவது. நூலிற் கற்ற அன்பு நம் நடையின்கண் உளதோ இலதோ என்றறிதற்குத் தாழிட்ட கதவின் உட்புறத்தே நாம் வாளா நிற்கும் அவ்வொரு கணத்தினும் நல்ல உரைகல் பிறிதில்லை. அக்கணத்தில் நம்மை எவரும் காண்கின்றிலர். அரவஞ் செய்யாது நின்றால் வந்தவர் மீண்டு போய்விடுவர். நம்மைக் காண்பவன் சிவபெருமான் ஒருவனே.

இவ்வினாவிற்கு இக்காலத்தார் கூறும் விடை இருவகைப்படும். “இல்லம் எமக்குரியது, காலமும் எமக்குரியது. கைப்பேசி ஒவ்வொருவரிடத்தும் இருக்க, ஒரு சொல் முன்னர்க் கூறாது வருவார்க்கு யாம் கடமைப்பட்டிலம். வஞ்சகரும் பலர் திரிகின்றனர். ஆகலின் வாய் திறவாதிருத்தலே அறிவு” என்பார் ஒருசாரார். “வருவார் யாவரும் கடவுளே, ஆராயாது கதவைத் திறக்க” என்பார் மற்றொரு சாரார். முன்னையோர் கூற்றில் அன்பு இல்லை. பின்னையோர் கூற்றில் ஆராய்ச்சி இல்லை. இரண்டனையும் விடுத்து நம் பெரியோர் ஒழுகிக் காட்டிய நெறி யாதெனக் காண்பாம்.

முதற்கண் சொற்களை நோக்குக. அதிதி என்னும் வடசொற்கு, வருதற்கெனத் திதி குறிக்கப்படாதவன் என்று பொருள் கூறுவர். விருந்து என்னும் தமிழ்ச்சொற்குப் புதுமை என்பதே பொருள். தொல்காப்பியச் செய்யுளியலும் புதிதாகப் புனையும் யாப்பினை விருந்து என்றே வழங்கிற்று. எனவே, எதிர்பாராமை என்பது வந்தவர்பால் உள்ள குற்றமன்று. அவர்க்கு நம் முன்னோர் இட்ட பெயரின் பொருளே அதுவாம். நாள் குறித்து வருவார் உறவினர்; அழைத்து வருவார் நண்பர்; அறிவியாது வருவாரே அதிதி எனவும் விருந்து எனவும் கூறுதற்கு உரியர்.

குறுந்தொகையில் 118 ஆம் செய்யுள் நன்னாகையார் பாடியது. அஃது அகப்பாட்டேயாயினும், அக்காலத்து இல்லறத்தார் வழக்கொன்றனை நமக்குத் தெரிவிக்கின்றது. பலரும் புகுதற்குரிய பெருவாயிலை இரவில் அடைக்குமுன், உள்ளே வருதற்குரியார் எவரேனும் உளரோ என்று வாயில் காப்போர் உரக்க வினவுவர். வாயில் அடைத்தல் அன்றும் உண்டு. அடைக்குமுன் ஒரு சொல்லும் உண்டு. இதனை நினைவிற் கொள்க; பின்னர் வேண்டப்படும்.

வடமொழி மறைமுடிவுகளுள் ஒன்றாகிய கடோபநிடதத்தில், நசிகேதன் என்னும் இளையோன் யமனது இல்லத்தை அடைந்து, அவன் இல்லாமையின் மூன்று இரவு உண்ணாது வாயிலிற் காத்திருந்தனன். மீண்டு வந்த யமன், வந்தவனைக் காக்க வைத்த பிழை தன் நன்மைகளை அழிக்கும் என அஞ்சி, இரவு ஒன்றற்கு ஒரு வரமாக மூன்று வரம் அளித்தனன். எல்லாரையும் அஞ்சுவிக்கும் கூற்றுவனும் அஞ்சிய இடம் தன் வீட்டு வாயிலே என்பது கருதத்தக்கது.

இனி நம் திருத்தொண்டர் புராணத்தை நோக்குவாம். இளையான்குடி மாறநாயனார் வறுமை எய்திய காலத்து, மழை பொழியும் ஓர் இரவில், இல்லத்தை அடைத்தபின், இறைவன் அடியார் வேடங்கொண்டு வந்தருளினன். நாயனார் கதவைத் திறந்து அழைத்துச் சென்று, ஈரம் போக்கி, இருக்கை அளித்தனர். பின்னர் அன்று விதைத்த நெல்லை இருளில் வாரிக் கொணர்ந்தனர். வீட்டின் வரிச்சுக்களை அறுத்து விறகாக்கினர். குழி நிரம்பாத இளங்கீரையைப் பறித்துத் தந்தனர். இவற்றையெல்லாம் வியந்து கூறும் நாம், இவற்றிற்கு முன் நிகழ்ந்த ஒன்றை வியவாது விடுகின்றோம். நெல்லில்லை, விறகில்லை, கறியில்லை என்பது கதவைத் திறக்குமுன்னரே அவர்க்குத் தெரியும். ‘கொடுத்தற்கு ஒன்றுமில்லை, திறந்து என் செய்வது’ என்று அவர் கருதியிருப்பின், எஞ்சியன யாவும் நிகழா. திறந்த பின்னரே பொருள் தேடினர். நாமோ பொருளை எண்ணிப் பார்த்த பின்னரே திறக்க எண்ணுகின்றோம்.

அவர் இல்லம் அடைக்கப்பட்டே இருந்தது என்பதும் நோக்கற்பாலது. இரவில் தாழிடுதல் நாயனார்க்கும் குற்றமன்றாயிற்று. ஆகலின், கதவு அடைத்திருத்தல் அன்பின்மைக்கு அடையாளம் ஆகாது. தட்டிய ஒலி கேட்டபின் யாது செய்கின்றோம் என்பதே வினா.

அற்றேல், மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றிற்கு என் கூறுதும் எனின், கூறுதும். அதனை மறைத்து அறம் உரைப்பார் நேர்மையுடையார் ஆகார். திருக்கோவலூரில் அரசு புரிந்த அவரைப் போரில் வெல்லமாட்டாத முத்தநாதன், நீறு பூசிச் சடை புனைந்து, புத்தகக் கட்டொன்றில் படையை மறைத்து இரவில் வந்தனன். வாயில்கள் பலவும் அவன் வேடத்திற்கு வழிவிட்டன. உள்வாயில் காத்த தத்தன் ஒருவனே, அரசர் துயில்கின்றார், காலமறிந்து செல்லுதல் வேண்டும் எனத் தடுத்தனன். எவரும் காணாத ஆகமம் ஒன்று கொணர்ந்தேன் எனக் கூறி அவன் உட்புகுந்தனன். செய்ததை நாம் அறிவோம். குத்துண்டு வீழ்ந்தும் நாயனார், வாளோடு பாய்ந்த தத்தனைத் தடுத்து, அவ்வேடத்தானை ஊறின்றி நகர்ப்புறம் உய்க்குமாறு பணித்தனர்.

இவ்வரலாற்றில் நாயனாரது பேரன்பைப் போற்றும் சேக்கிழார் பெருமான், தத்தன் தடுத்ததனை இழித்துரைத்திலர். காலமறிக என்று கூறியது வாயிலோன் கடமை. வேடத்தைக் கண்ட அளவில் தன்னை மறந்தது நாயனார் பெருமை. நாம் மெய்ப்பொருளார் அல்லம். அவர் செயலைச் செய்து காட்டுதும் என்று எவரும் தம் மனைவி மக்களை இடர்ப்படுத்துதல் அன்பாகாது. துணிச்சல் என்னும் செருக்கே ஆம். இல்லந்தோறும் ஒரு தத்தனும் வேண்டும், ஒரு மெய்ப்பொருளும் வேண்டும். இருவரையும் ஒரு நெஞ்சில் வைத்தல் எங்ஙனம் என்பதே நமக்குள்ள இடர்ப்பாடு.

தத்தனை மாத்திரம் வைத்துக்கொண்டு யாம் செய்த பிழை ஒன்றனை இங்கே வெளியிடுகின்றோம். பிறர்க்குப் பயன்படும் என்பது கருதியே இதனை எழுதுகின்றோம்.

சில ஆண்டுகட்கு முன், ஐப்பசித் திங்களில், மழை இருட்டிய ஒரு பிற்பகலில், உண்டு முடித்துச் சிவஞானசித்தியார் உரையைக் கையிற்கொண்டு யாம் சாய்ந்திருந்தேம். கதவு தட்டும் ஒலி கேட்டது. பலகணியின் இடுக்கு வழியே நோக்கினேம். ஒரு குடையும் நனைந்த வேட்டியின் ஓரமும் அன்றி முகம் தெரிந்திலது. நன்கொடை வேண்டி வந்தவரோ, வழக்குரைக்க வந்தவரோ, பொருள் விற்க வந்தவரோ என்று எண்ணினேம். எண்ணிய மூன்றும் எம் வசதியை நோக்கியனவேயன்றி அவர் தேவையை நோக்கியன அல்ல. அருகிருந்த எம் பெயர்த்தியை வாய் பொத்துமாறு கையாற் குறிப்பித்தேம். ஒலி மும்முறை கேட்டது, பின்னர் ஓய்ந்தது. அக்குழந்தை மெல்ல எம் செவியருகே வந்து, “தாத்தா, நாம் வீட்டில் இல்லையா?” என்று கேட்டது.

மாலையில் கதவைத் திறந்தபோது, நிலைப்படியின் அருகே, ஒரு மேலாடையாற் சுற்றப்பட்ட பொதி இருந்தது. அவிழ்த்தால், பல ஆண்டுகட்கு முன் யாம் இரவலாகக் கொடுத்து மறந்துபோன திருவருட்பயன் உரைநூல். நூல் நனையாமைப்பொருட்டுத் தம் மேலாடையை அதற்குப் போர்த்தி, தாம் நனைந்து சென்றவர், இளமையில் எமக்குத் தேவாரப் பண்முறை பயிற்றிய முதிய ஓதுவார். ஆடையை மீளக் கொடுக்கச் சென்றபோது அவர் சிறிதும் வருந்தாது, “பூசையில் இருந்தீர் போலும், இடையூறு செய்யலாகாது என்று போந்தேன்” என்றனர். யாம் “ஆம்” என்றேம். அடுத்த மார்கழியில் அவர் சிவனடி சேர்ந்தனர். உண்மையைக் கூறும் வாய்ப்பு எமக்குப் பின் கிடைத்திலது.

அன்பர்காள்! முத்தநாதன் கையிலும் புத்தகம் இருந்தது; இம்முதியவர் கையிலும் புத்தகம் இருந்தது. கதவின் உள்ளிருந்து நோக்குவார்க்கு வேறுபாடு எங்ஙனம் விளங்கும்? விளங்காது. விளங்காமையே இவ்வினாவின் கடினம். ஆயினும், எம் பிழை யாது என்று பலநாள் ஆராய்ந்து ஒன்று கண்டேம். அவரை உள்ளே அழையாமை அன்று எம் பிழை. அறியாதாரை உள்ளே அழைத்தல் எவர்க்கும் கடனன்று. “யார்?” என்று ஒரு சொல் வினவாமையே எம் பிழை. அவ்வொரு சொல்லை வினவியிருப்பின், எமக்கு நன்கு பழகிய அக்குரல் மறுமொழி கூறியிருக்கும். தத்தனும் முத்தநாதனைத் தடுத்தது சொல்லாலேயன்றி ஒளித்திருந்து அன்று. வாயில் காப்போன் வாய் திறப்பான். ஒளிந்திருப்பவன் காவலன் ஆகான்.

பிழை அதனொடு நின்றதில்லை. இல்லிருந்தே இல்லை எனக் காட்டுதலைக் குழந்தைக்குக் கற்பித்தேம். பூசை செய்திலேமாக, பூசை செய்ததாகப் பெற்ற மதிப்பை மறுத்திலேம். புறவிருள் பிற பொருள்களை மறைப்பினும் தன்னை இருளெனக் காட்டும். ஆணவ இருளோ தன்னையும் காட்டாது மறைக்கும் எனத் திருவருட்பயன் கூறுவதனைப் பன்முறை பிறர்க்கு விரித்துரைத்த யாம், அந்நூல் எம் வாயிற்படியிலே நனைந்து கிடந்த அன்றே அதன் பொருளைச் சிறிது அறிந்தேம். ‘அமைதி வேண்டினேம், எச்சரிக்கையாய் இருந்தேம், படித்துக்கொண்டிருந்தேம்’ என நல்ல பெயர்கள் பலவற்றுள் ஆணவம் ஒளிந்திருந்தது.

இனி, திறத்தலும் அடைத்தலும் ஆகிய இரண்டற்கும் உள்ள இயைபைத் திருமறைக்காட்டிற் காண்க. மறைகள் வழிபட்டுத் திருக்காப்பிட்ட திருவாயில் நெடுங்காலம் திறவாதிருக்க, மக்கள் வேறு வாயில் வழியே சென்று வணங்கினர். அங்கே எழுந்தருளிய திருஞானசம்பந்தப் பிள்ளையார் வேண்ட, அப்பரடிகள் திருப்பதிகம் பாடினர். கதவம் உடனே திறந்திலது. பதிகம் முற்றும் அளவிலே, பதினொன்றாம் திருப்பாட்டில், இறைவனது இரக்கமின்மையைச் சொல்லி முறையிட்ட பின்னரே திறந்தது. பின்னர்ப் பிள்ளையார் அடைக்கப் பாடினர். முதற் பாட்டிலேயே கதவம் அடைத்துக்கொண்டது. அப்பர் பாடியது ஐந்தாந் திருமுறையிலும், பிள்ளையார் பாடியது இரண்டாந் திருமுறையிலும் உள்ளன.

இதன்கண் நாம் கொள்ளற்பாலன இரண்டு. திறத்தற்குப் பாட்டுப் பதினொன்று வேண்டியிருக்க, அடைத்தற்கு ஒன்றே அமைந்தது. அருளாளர் இருவருள் ஏற்றத்தாழ்வு கூறுதற்கு இதனை எடுத்திலேம். நம் நெஞ்சின் இயல்பை அறிதற்கே எடுத்தேம். அடைத்தல் எளிது, திறத்தல் அரிது. அடைக்கும் பயிற்சி நமக்கு அநாதியே உண்டு. திறக்கும் பயிற்சியே இனிப் பெறற்பாலது. மற்றொன்று, பிள்ளையார் அடைத்தது கதவம் மீண்டும் பூட்டுண்டு கிடத்தற்கு அன்று. அன்றுதொட்டு அது வழக்கம்போலத் திறக்கவும் அடைக்கவும் ஆமாறு. திறவாத கதவு சுவராம். அடையாத கதவு தெருவாம். இரண்டும் இயல்வதே கதவு. இறைவன் ஐந்தொழிலுள்ளும் மறைத்தல் என ஒன்றுண்டு. அதுவும் உயிர் பக்குவம் எய்துதற்பொருட்டு நிகழும் அருளே என்பது சித்தாந்தம். அருள் நோக்கி அடைப்பின் அடைத்தலும் அறமாம். 2020 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றுக் காரணமாக நாடு முழுதும் ஊரடங்கு விதிக்கப்பட்டபோது, பிறர் உயிரைக் காக்கவே நாம் கதவடைத்திருந்தேம். அன்று அடைத்தது அன்பு. நம் சோம்பலைக் காக்க அடைப்பது அன்பன்று.

இத்துணையும் கூறியது கொண்டு, நடைமுறைக்கு உரியன சில கூறுவாம்.

தட்டும் ஒலி கேட்டால் மறுமொழி கூறுதல் யாவர்க்கும் கடன். இதற்கு விலக்கில்லை. குரல் கொடுத்தற்குத் தாழ் நீக்க வேண்டுவதில்லை. பூசையிலோ நோயிலோ இருப்பின், அதனையே மெய்யாகச் சொல்லி, பின்னர் வருமாறு வேண்டுக.

திறத்தல் வேறு, உள்ளே அழைத்தல் வேறு என்பதை மறவற்க. பழைய இல்லங்களில் திண்ணை இருந்தது. அது தெருவும் அன்று, இல்லமும் அன்று. அறியாதார்க்கு நிழலும் நீரும் அளித்தற்கும், இல்லத்தார்க்குக் காவல் நீங்காமைக்கும் அஃது இடமாயிற்று. இன்று அடுக்குமாடி வீடுகளில் திண்ணை இல்லை. ஆகலின் தெருவிற்கும் நடுவீட்டிற்கும் இடையே ஒரு பலகையே நிற்கின்றது. திண்ணையை இழந்தமையாலேதான் இவ்வினா நமக்கு இத்துணைக் கடுமையாயிற்று. வாயிற்புறத்தே ஒரு சிறு இருக்கையும் ஒரு செம்பு நீரும் வைப்பார் அத்திண்ணையை மீட்டவர் ஆவர்.

தனித்திருக்கும் மகளிரும் முதியோரும் குழவிகளும், அறியாதார்க்குக் கதவு திறவாமை பிழையன்று. திருச்செங்காட்டங்குடியில், சிறுத்தொண்டர் அடியாரைத் தேடிப் புறஞ்சென்றிருந்த வேளையில் வந்த வைரவக் கோலத்தர், இல்லத்தார் பணிந்து அழைப்பவும், மகளிர் தனித்திருக்கும் இடத்தில் புகேம் என மறுத்து, கணபதீச்சரத்து ஆத்தியின்கீழ்ச் சென்றிருந்தனர். எல்லை வகுத்தவர் வந்த பெருமானே. நல்லோராய் வந்தவர் அவ்வெல்லையைக் கண்டு சினவார். அரசு அலுவலர் என்றும் வங்கியார் என்றும் கூறிப் பொருள் கவர்வார் இக்காலத்துப் பலர். அவரை வினவி, அடையாளம் காட்டச் சொல்லி, ஐயுறவு நீங்காதாயின் உள்ளே விடாதிருத்தல் தத்தன் வழியே ஆம்.

பொதி கொணரும் இளைஞர், குப்பை வாருவார், பால் அளப்பார் முதலியோர் வெயிலிலும் மழையிலும் படியேறி வருகின்றனர். அவர்களை முகம் நோக்காது கைந்நீட்டி வாங்கி அடைப்பதும் ஒருவகையில் திறவாமையே. நீர் வேண்டுமோ என வினவுதற்குக் கணமொன்றே செல்லும்.

இவையெல்லாம் உலகியல் ஒழுக்கம். இவற்றிற்கும் வீட்டு நெறிக்கும் இயைபு யாதெனின், கூறுதும். சுந்தரமூர்த்தி நாயனார் திருமணப் பந்தரின்கண் முதியதோர் அந்தணராய் இறைவன் புகுந்தனன். எவரும் அவனை அழைத்திலர். வந்ததும் மங்கல வேளை கெடுமாறு வழக்கொன்று தொடுத்தனன். நாயனார் பித்தன் என வைதனர். ஆண்டவன் ஆட்கொள்ள வரும்போது, நமக்கு உகந்த வேளையில் வருவான் என்பதற்கு உறுதியில்லை. சிவஞானபோதம் எட்டாஞ் சூத்திரம், உள்நின்ற முதல்வனே குருவாய் வந்து உணர்த்துதலைக் கூறுகின்றது. பன்னிரண்டாஞ் சூத்திரம், அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே வழிபடுமாறு விதிக்கின்றது. உணர்த்தவரும் அவன் இன்ன நாளில் வருவேன் எனக் குறித்து வருதல் இல்லை. உயிரோ சார்ந்ததன் வண்ணமாம் இயல்புடையது. ஒவ்வொரு தட்டலுக்கும் ஒளிந்துகொள்ளப் பழகிய நெஞ்சு, அவன் தட்டும்போதும் அப்பழக்கத்தானே ஒளிந்துகொள்ளும். வருவார் யாவரும் அவனே என்று துணிந்து கூறேம். அவன் வரும்போது மறுமொழி கூறும் பழக்கம் நமக்கு இருத்தல் வேண்டும் என்பதே எம் கருத்து.

அத்திருவருட்பயன் நூல் இன்றும் எம் பேழையில் உளது. அதன் ஓரங்களில் மழைநீர்க் கறை நீங்கிற்றில்லை. மேலாடை சுற்றியிருந்தும் அவ்வளவு நனைந்ததெனின், அது சுற்றாத தோள்கள் எவ்வளவு நனைந்திருக்கும் என்பதனை அதனைத் திறக்குந்தோறும் எண்ணுகின்றேம். எம் பெயர்த்தியிடம் மாத்திரம் உண்மையைச் சொல்லிவிட்டேம். இப்பொழுது கதவு தட்டும் ஒலி கேட்டால், எமக்கு முன்னரே அக்குழந்தை “யார்?” என்று உரக்கக் கேட்கின்றது, தாழை யாம் நீக்குதுமோ இல்லையோ, அது பின்னர். குறுந்தொகைக் காலத்து வாயில் காப்போர் அடைக்குமுன் வினவினர். நாம் அடைத்த பின்னரேனும் வினவுவோமாக. அவ்வொரு சொல்லை மறவாதிருக்க எல்லாம்வல்ல சிவபெருமான் திருவருள் புரிக.

திருச்சிற்றம்பலம்.